சூட்டிக்கு அன்று காலை கொடுத்த ரொட்டி

பெண் நாய்க்குக் கருத்தடை செய்வது பெரிய விஷயமில்லை. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறிதாக வெட்டி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்கள். பின்னேரமே வீட்டுக்குக் கூட்டிவரலாம். எங்கள் தோட்டத்தில் அன்று அறுவைச் சிகிச்சை நடந்த மற்ற நாய்களெல்லாம் தள்ளாடிக்கொண்டே வீடு போய், மறுநாள் கோழிகளை விரட்டின. என் வீட்டு நாய் சூட்டி மட்டும் ஹட்டனில் ஒரு மிருக வைத்தியசாலையில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தது. அதற்குக் காரணம் டாக்டர் இல்லை, மருந்தும் இல்லை. நான்தான்.

நான் ஓய்வு பெற்ற அதிபர். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தேன். அங்கேயே படிப்பித்தேன். இப்போது லயங்களுக்கு மேலே, பாதையோரத்தில் கட்டிய வீட்டில் மனைவி சரோஜாவோடு இருக்கிறேன். பொலிஸில் பேச, ஆஸ்பத்திரியில் விஷயம் சொல்ல, கந்தோரில் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க என்று லயத்து ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு வாய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளை வைத்துக்கொள்வார்கள். பெட்டைக் குட்டிகளை உரப் பைக்குள் போட்டு, அடுத்த தோட்டத்து எல்லையிலோ ரயில் பாதை ஓரத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். கொன்றால் பாவம், விட்டுவிட்டு வந்தால் பாவமில்லை. சூட்டி அப்படி ஸ்டேஷன் பக்கத்து வடிகானில் கிடந்த குட்டிதான். சரோஜா முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

தோட்டங்களுக்கு வந்து மலிவாக நாய்களுக்குக் கருத்தடை செய்யும் மிருக வைத்தியர்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களை வரவழைத்தது நான்தான். ஒரு கோழி வாங்குகிற காசுகூட அவர்கள் கேட்கவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசி, கொழுந்து எடுக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவை ஒரு சனிக்கிழமைக்கு வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் பின்னேரம் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன்: இரவுக்குப் பிறகு நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் கிடக்கும் உயிருக்கு விழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நுரையீரல் கெட்டுவிடும்.

இதை நான் நன்றாக விளக்கினேன். கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டியே விளக்கினேன்.

மறுநாள் காலை சரோஜா குளிக்கப் போயிருந்தாள். சூட்டியை அடுப்படிக் கதவில் கட்டியிருந்தாள். நான் ரொட்டியைச் சாயத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டு தினமும் சூட்டிக்கு. அது என் இடது கால் பக்கம் வந்து உட்கார்ந்து, கயிறு இழுக்க, என் கையையே பார்த்தது. லயத்தில் யாரையும் வெறும் வயிற்றோடு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுகிறவளையும் நிறுத்தி, வாயில் ஒரு துண்டைத் திணித்துத்தான் அனுப்புவார்கள். அன்று வயிற்றை வெட்டப்போகிற ஜீவனை எப்படி அனுப்புவது என்று பட்டது. துண்டு இல்லை, ஒரு முழு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். தட்டையும் நக்கக் கொடுத்தேன்.

இரக்கத்தில் கொடுத்தேன் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த விதி கீழே இருப்பவர்களுக்கு என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அவர்கள்தான் சட்டி சோற்றைக் கொட்டிவிடுவார்கள். அளவு தெரிந்தவன் கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. நான் சொன்ன பாடம் எனக்கில்லை.

பிள்ளைக் காம்பராவின் படியில் டாக்டர் நின்றார். சிங்களப் பெண், வயதில் என் மகளைவிடச் சின்னவர். ஹட்டன் வைத்தியசாலையில் வேலை. நான் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொன்னேன். வரிசையில் முதலில் நின்றவள் புஷ்பராணி. கீழ் லயத்தில் இருப்பவள், கொழுந்து எடுப்பவள், என்னிடம் படித்தவள். கையில் கருப்பி என்ற நாயின் கயிறு.

டாக்டர் கேட்டார்: "கன்ன துன்னாத?" சாப்பிடக் கொடுத்தீர்களா என்று இரண்டே சொல்லில் கேள்வி. நான் அதைத் தமிழில் திருப்பிக் கேட்டேன்.

"பொய் சொல்லக் கூடாது சார். விடிய சின்னவன் ரொட்டிய கீழ போட்டுட்டான். நான் தூக்குறதுக்குள்ள இவ கவ்விட்டா. பாதி ரொட்டி இருக்கும்."

"நேத்து வாசல்ல நின்னு என்ன சொன்னேன்?"

"சொன்னீங்கதான் சார்."

"ஒரு நாய ஒரு நாள் பட்டினி போட முடியல. நீயெல்லாம் என்கிட்ட படிச்சேன்னு வெளிய சொல்லாத."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புஷ்பராணியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னைக்கு வேலைக்குப் போகல சார். பேரு போச்சு, ஒரு நாள் சம்பளமும் போச்சு. பின்னேரமா கூட்டியாரட்டுங்களா? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

"அடுத்த தடவ வருவாங்க. அப்ப பாப்போம். போ."

அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். வேறு ஒரு நாள் வருகிறாளாம் என்று சிங்களத்தில் சொன்னேன். புஷ்பராணி என்னையும் டாக்டரையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கருப்பியை இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது சூட்டி. "கன்ன துன்னாத?"

"நே" என்றேன். இல்லை.

புஷ்பராணியை அனுப்பிய வாய் அதற்குள் காய்ந்திருக்கவில்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஆம் என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வாங்க முடியாமல் நாயைக் கொடுத்தேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளியும்வரை நாய்களைப் பாயில் படுக்க வைத்து, அவற்றின் சொந்தக்காரர்களைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். சூட்டியின் நாக்கு வெளியே தொங்கியது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. திடீரென்று அதன் வாயோரமாகத் தேத்தண்ணி நிறத்தில் ஒழுகியது. அதில் ரொட்டித் துணுக்குகள். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது.

டாக்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். நான் கூப்பிடவில்லை. கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தேன். பாயைத் துடைத்தேன். கைலேஞ்சியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். முதலில் துடைத்தேன், அப்புறம்தான் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன். இந்த வரிசையை மாற்றி எழுதவும் எனக்கு இப்போது உரிமை இல்லை.

அன்று இரவு சூட்டி சாப்பிடவில்லை. மயக்க மருந்தின் களைப்பு என்று சரோஜாவிடம் சொன்னேன். மறுநாள் இருமியது. அதற்கடுத்த நாள் படுக்கவே மாட்டேன் என்று முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. விலா எலும்புகள் துருத்தி போல ஏறி இறங்கின. சரோஜா உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது.

"ஏங்க, இது தையல் நோவு இல்ல. ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

ஹட்டனுக்குப் போகும் வழியெல்லாம் சூட்டியைச் சரோஜா மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நம்ம சாரு நாய்க்கே இப்படியா? மத்த நாயெல்லாம் குத்துக்கல்லு மாதிரி நிக்குது" என்றார். நான் வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வைத்தியசாலையின் காத்திருக்கும் அறை ஒடுக்கமானது. பெட்டிக்குள் ஒரு பூனை ஓயாமல் கத்தியது. காலில் கட்டுப் போட்ட ஓர் ஆட்டை ஒருவர் மடியில் வைத்திருந்தார். சரோஜா என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனால் அதே டாக்டர். சூட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். காய்ச்சல் பார்த்தார். முகத்தில் ஒரு மூடியை வைத்து ஒட்சிசன் கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலின் கீழ்ப்பகுதி எங்கள் மலையில் பனி இறங்கினதுபோல வெள்ளையாக இருந்தது.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு வாந்தி எடுத்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே."

இரண்டாம் முறை.

அவர் சூட்டியை உள்ளே அனுமதித்தார். சேலைன் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். நாங்கள் தினமும் போனோம். பில்லைச் சரோஜாதான் கட்டினாள். வீட்டுக்குத் தகரம் மாற்றச் சேர்த்து வைத்த பணம் அதில் போயிற்று. கூண்டுக்குள் கைவிட்டுச் சூட்டியின் காதைத் தடவிக்கொண்டே நிற்பாள். என்னைப் பார்த்தால் சூட்டி வாலை ஆட்டும். எழ முடியாமல், படுத்தபடியே, நுனியை மட்டும். அதை என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்விடுவேன்.

ஊசிகள் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் டாக்டர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். களைத்திருந்தார்.

"சார், நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சாப்பிடவில்லை, வாந்தியும் இல்லை. அப்படியென்றால் வைரஸாக இருக்கலாம். இல்லாவிட்டால் நான் மூச்சுக் குழாய்க்குள் குழாய் வைத்ததில் பிழை விட்டிருக்க வேண்டும். அந்த அறையின் குளிராகவும் இருக்கலாம். காரணம் தெரியும்வரை தோட்டங்களுக்குப் போவதை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். இன்னொரு நாய்க்கு இப்படி ஆகக் கூடாது."

மேசையில் இருந்த எக்ஸ்ரேயை அவர் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தன் பிழையை அதில் தேடினார்.

"துன்னா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

கொடுத்தேன் என்று மறுபடி சொன்னேன். ஒரு முழு ரொட்டி, தேத்தண்ணியில். பாயில் படுத்திருந்தபோது வாயில் வந்தது, துடைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். சரோஜாவுக்கு விளங்காது என்ற தைரியத்தில்தான் அவ்வளவையும் சொன்னேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உடனே எழுந்து கதவைத் திறந்து, மருந்தை மாற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். திரும்பி வந்துதான் கேட்டார்.

"முதல் நாளே தெரிந்திருந்தால் வேறு மருந்தில் தொடங்கியிருப்பேன். ஏன் சார் காலையில் சொல்லவில்லை? காலையில் கொஞ்சம் சாப்பிட்ட நாயைப் பின்னேரம் கடைசியாகச் செய்திருக்கலாம். நாங்கள் இருட்டும்வரை அங்கேதானே இருந்தோம்."

பின்னேரமா கூட்டியாரட்டுங்களா என்று புஷ்பராணி கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை. பதிலை நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெளியே வந்ததும் சரோஜா கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சளி கட்டியிருக்காம். மருந்த மாத்துறாங்க."

அவள் நடையை நிறுத்தினாள்.

"சந்தையில சாமான் வாங்குற எனக்கு துன்னான்னா தெரியாதா? அந்தக் கைலேஞ்சிய யாரு கழுவுனா? ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்துச்சு. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன். சூட்டி செத்தாலும் சொல்லமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

ஆட்டோவில் ஏறும்போது எனக்குக் கை கொடுத்தாள். வயதானவனுக்குக் கொடுக்கிறதுபோலக் கொடுத்தாள். இவ்வளவு ஆண்டுகளில் அதுதான் முதல் முறை.

நுரையீரலுக்குள் உணவு போவதால் வரும் நியுமோனியாவுக்கு ஊசி மட்டும் போதாது. மருந்தைப் புகைபோல ஆக்கி முகத்தில் பிடிப்பார்கள். பிறகு உள்ளங்கையைக் குழித்து, விலாவில் இரு பக்கமும் கீழிருந்து மேலாகத் தட்ட வேண்டும். உள்ளே ஒட்டியிருப்பது இளகி, இருமி வெளியே வரும். டாக்டர் சரோஜாவுக்குத் தட்டக் காட்டிக் கொடுத்தார். சரோஜா என் கையைப் பிடித்துச் சூட்டியின் விலாவில் வைத்தாள்.

"நீங்க தட்டுங்க."

தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அது இருமியது. இருமி முடித்துவிட்டு என் மணிக்கட்டை நக்கியது.

நாளாக ஆக மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு காலை நாங்கள் போனபோது கூண்டுக்குள் எழுந்து நின்றது. வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தையலை நக்காமல் இருக்க, பெயின்ட் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். அதோடு கதவுகளிலெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தது. இருமல் முழுதாகப் போகவில்லை. பனிக் காலத்தில் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

புஷ்பராணியைப் பார்க்கப் போக எனக்கு அதற்கப்புறமும் நாள் பிடித்தது. போனபோது கருப்பி வாசலில் ஈன்று கிடந்தது. சாக்கில் இரண்டு கடுவன் குட்டிகள் மட்டும் பால் குடித்துக்கொண்டிருந்தன. மீதியை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பெட்டைங்கள எங்க மாமனாரு கொண்டுபோயிட்டாரு சார். எங்கன்னு நான் கேக்கல."

ரொட்டியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பின்னேரம் செய்திருப்பார் என்பதையும் சொன்னேன். அவள் கூடையில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் வேற நாள் வரேன்னு சொன்னதா நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல, அப்பவே எனக்கு விளங்குச்சு சார். நான் அப்படிச் சொல்லலையேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கும் கொஞ்சம் சிங்களம் வரும். கொழும்புல வீட்டு வேலைக்கு இருந்தவதானே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க நிக்கிறப்ப நான் எப்படிச் சார் பேசுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. விஷயத்தை எனக்கு விளக்குகிற மாதிரிச் சொன்னாள். தேத்தண்ணி கொடுத்தாள். குடிக்காமல் வருவது அவளை இன்னும் அவமதிப்பது என்று குடித்தேன். குட்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கருப்பிக்குப் பால் வற்றிய பிறகுதான் டாக்டர் மறுபடி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அதே பிள்ளைக் காம்பரா, அதே படி. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் உரப் பைகளைத் தலையில் போட்டுக்கொண்டு நாய்களோடு நின்றார்கள்.

டாக்டர் வரிசையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "கன்ன துன்னாத?"

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். போன தடவை என் நாய்க்கு நான் ரொட்டி கொடுத்ததைச் சொன்னேன். இல்லை என்று இந்தப் படியில் நின்று பொய் சொன்னதைச் சொன்னேன். உண்மை சொன்ன புஷ்பராணியை எல்லோருக்கும் முன்னால் ஏசி அனுப்பியதையும், அவள் கேட்டதை டாக்டரிடம் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னதையும் சொன்னேன். கைலேஞ்சியையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்னால் நின்ற சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கேட்டது இரண்டு சொல்தானே சார்" என்றார் டாக்டர்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கை எழுந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் ஆள்.

"சார், நான் ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டேன். தெரியாமதான்."

"தெரியாம இல்லடா, பாசத்துல" என்று யாரோ சொல்ல, அப்போது சிரித்தார்கள். நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்த நாயைப் பின்னேரத்துக்கு மாற்றினார்.

புஷ்பராணி முன்னால் வந்தாள். நான் அவளிடம் கேட்க வாயைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டி டாக்டரைப் பார்த்து, "துன்னே நே, மிஸ்" என்றாள். கொடுக்கவில்லை. பிறகு சிங்களத்திலேயே இன்னும் ஏதேதோ கேட்டாள். தையல் எப்போது பிரிப்பது, மழையில் நனைந்தால் என்ன செய்வது, வேலைக்குப் போகும்போது எங்கே கட்டுவது. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவளுடைய சிங்களம் பிழையாக இருந்தது. இருவருக்கும் எல்லாம் விளங்கியது.

நான் படியிலிருந்து இறங்கினேன். புஷ்பராணி திரும்பிப் பார்க்காமல் கருப்பியின் கயிற்றை என் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிங்க சார். பேசிட்டு வாரேன்."

மழையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.